பழைய பிளாப்பி படிக்கவில்லையா: யூஎஸ்பி டிரைவா, கிரீஸ்வீசிலா?

வீட்டில் கிடந்த 3.5 அங்குல பிளாப்பிகளை முதலில் யூஎஸ்பி டிரைவில்தான் போட்டேன். செருகினால் போதும், விலையும் குறைவு, ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் 1.44 எம்பியும் 720 கேபியும்தான். அமிகா என்ற பழைய கணினியின் 880 கேபி டிஸ்கைக் கொடுத்தால் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும், தப்பித்தவறிகூட சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

கிரீஸ்வீசில் வேறு ரகம், பழைய பிளாப்பி டிரைவை யூஎஸ்பி வழியாக இன்றைய கணினியோடு இணைக்கும் போர்டு அது. பழைய கணினியில் கழற்றிய 34 பின் டிரைவை இந்தச் சின்ன போர்டில் மாட்டினால், அது ஃபைலைத் தேடாமல் தட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்கிறது, ஒரே தடத்தைப் பலமுறை படிக்கவும் வைக்கலாம், அதனால் யூஎஸ்பி கைவிட்ட டிஸ்கிலும் கொஞ்சம் தேறும். 5.25 அங்குல டிரைவையும் இதில் மாட்டலாம். கமாண்ட் லைன் பழகணும், டிரைவுக்கு மின்சாரம் தரணும், அது தலைவலிதான். நாலைந்து சாதாரண டிஸ்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

எதுவானாலும் முதலில் டிஸ்கின் நகரும் மூடியான ஷட்டரைத் தள்ளி தட்டைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் உள்ளே போடவே வேண்டாம், டிரைவின் ஹெட்டில், அதாவது படிக்கும் முனையில், ஒட்டிக்கொண்டு அடுத்த டிஸ்கையும் கீறிவிடும். நான் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்தேன், அப்புறம் இரண்டு டிஸ்க் யூஎஸ்பியிலேயே திறந்துகொண்டன.