காம்ரேட்ஸ் 2024: கடைசியில் வருபவருக்கும் இடம் வைத்திருக்கும் பந்தயம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை 2024 ஜூன் 9 அன்று நடந்த காம்ரேட்ஸ் ஓட்டத்தில் பங்கேற்று, 85.91 கிலோமீட்டரை 11 மணி 26 நிமிடங்களில் முடித்தேன். சென்னையில் என்னோடு ஓடும் நண்பர்கள் பலர் இதற்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். விமானக் கட்டணம், விசா, தங்கும் செலவு, ஓராண்டுப் பயிற்சி என்று இவ்வளவையும் கேட்கிற ஒரு பந்தயம் அதற்கு ஈடாக எதைத் தருகிறது என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன். அது தருவது நிறைய. முதலில் வருபவருக்குக் காட்டும் அதே அக்கறையை என்னைப் போல் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து சேர்பவருக்கும் காட்டும் வகையில், ஏறத்தாழ நூறாண்டுகளாக இதன் விதிகளும் வழக்கங்களும் படிப்படியாக உருவாகியிருக்கின்றன.

முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாபம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர், போரில் இறந்த தம் தோழர்களின் நினைவாக 1921 மே 24 அன்று இதைத் தொடங்கினார். அன்று புறப்பட்டவர்கள் 34 பேர். ஓடி முடித்தவர்கள் 16 பேர். ஓராண்டு கடற்கரையிலுள்ள டர்பனிலிருந்து மேட்டு நிலமான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறுவதும், மற்றோராண்டு அங்கிருந்து இறங்குவதுமாகத் திசை மாறி மாறி வருவது இதன் வழக்கம். நான் ஓடியது ஏற்றத் திசை.

இந்தத் திசைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பயண ஏற்பாடு செய்யக் கூடாது. நான் நம்பிய பயண முகவர் ஒருவர், பந்தயம் முடியும் ஊரில் இருந்தால் வசதி என்று கருதி, எல்லா இரவுகளுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே அறை எடுத்துவிட்டார். எண் அட்டையை வாங்கும் கண்காட்சி டர்பனில் நடக்கிறது. 2024-இன் ஏற்ற ஓட்டம் டர்பன் நகர மண்டபத்தின் முன்னால் விடியற்காலை 5.30 மணிக்குத் தொடங்கியது. ஆகவே முதல் இரண்டு இரவுகளுக்கு டர்பனில் வேறோர் அறைக்கு நான் தனியாகச் செலவழிக்க நேர்ந்தது. ஏற்ற ஆண்டானால் டர்பனில் நடந்து போகும் தொலைவில் தங்குங்கள். இறக்க ஆண்டிலும் பெரும்பாலோர் டர்பனிலேயே தங்கி, நள்ளிரவுக்குப் பின் பேருந்தில் மேலே போகிறார்கள்.

2024-க்கான தகுதி விதி 42.2 கிலோமீட்டர் மாரத்தானை 4 மணி 50 நிமிடங்களுக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது. அந்த நேரத்தைப் பொறுத்தே தொடக்கத்தில் எந்தத் தொகுதியில் நிற்கலாம் என்பதும் முடிவாகிறது. தகுதி ஓட்டத்தில் பத்து நிமிடம் குறைத்துக்கொள்வதற்கு இங்கே உண்மையான பலன் உண்டு. 2024-இல் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்ட 12 மணி நேரம் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து எண்ணப்பட்டது. நம் கால் தொடக்கக் கோட்டைத் தொட்ட நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடம் இருக்கவில்லை. பின் தொகுதியில் நின்ற நான் கோட்டைக் கடக்க எட்டு நிமிடம் ஆயிற்று. எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்ற அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தெரிந்து போகிறவருக்கு அது ஒரு விதி, தெரியாமல் போகிறவருக்கு அது ஓர் இடி.

ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். இருட்டிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்க, தேசிய கீதத்தைத் தொடர்ந்து ‘ஷோஷோலோசா’ பாடப்படுகிறது. சுரங்க வேலைக்கு ரயிலில் போன தொழிலாளர்களின் பாடலான அதை என்னைச் சுற்றி நின்றவர்கள் தொண்டை நிறையப் பாடியபோது, ஒரு சொல்லும் தெரியாத எனக்கே கண் கலங்கியது. பிறகு ஒரு சேவல் கூவும் ஒலி. 1948-இல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் தொடக்கக் கோட்டில் நின்று சேவலைப் போலக் கூவினார். அவர் குரலின் பதிவைத்தான் இன்றும் ஒலிபரப்புகிறார்கள். அதை அடுத்து வெடி.

பாதையில் ‘பெரிய ஐந்து’ என்று அழைக்கப்படும் மேடுகள் உள்ளன: கவ்வீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்ச்சாங்கா, பாலி ஷார்ட்ஸ். பெயர் பெற்றவை இவை. பெயரில்லாத ஏற்றங்கள் இவற்றுக்கிடையே எத்தனையோ. பாதையின் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையின் சமதளத்தில் மட்டும் ஓடிப் பழகிய கால்களுக்கு இது போதாது என்று அறிந்து, ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஆறு மாதம் வார இறுதிதோறும் ஏறிப் பழகியிருந்தேன். மூன்று கிலோமீட்டர் நீளும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் அந்தப் பயிற்சி கைகொடுத்தது. சாலையின் இரு ஓரங்களும் சரிந்திருப்பதற்கு மட்டும் நான் தயாராக இல்லை. மணிக்கணக்காக ஓரமாகவே ஓடினால் ஒரு கால் தாழ்ந்தும் ஒரு கால் உயர்ந்தும் பட்டு இடுப்பு வலிக்கத் தொடங்குகிறது. சாலையின் நடுவில் இடம் கிடைக்கும்போதெல்லாம் அங்கே ஓடுவது நல்லது.

வழியில் 40-க்கும் மேற்பட்ட உதவி மேசைகள் உள்ளன. தண்ணீர் சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் குடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிது. ஓடிக்கொண்டே பீய்ச்சிக் குடிக்கலாம், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். கோப்பையில் பாதி சிந்துவதைப் போன்ற இழப்பு இல்லை. காலி உறைகள் தரையில் கிடந்து வழுக்குவதால் மேசைகளின் அருகே கவனம் வேண்டும். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆரஞ்சுத் துண்டுகள், குளிர்பானம் ஆகியவை பாதி வழிக்கு மேல் தாராளமாகக் கிடைத்தன. சைவ உணவுக்காரரான எனக்கு எந்த இடத்திலும் சிரமம் இருக்கவில்லை. ஆனால் இவ்வளவு மேசைகள் இருக்கின்றனவே என்று ஒவ்வொன்றிலும் குடிக்கக் கூடாது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரும் என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1980-களில் எடுத்துக்காட்டியபோது, அவர் ஆராய்ந்தவர்களில் இதே காம்ரேட்ஸில் ஓடி மயங்கிய ஒருவரும் இருந்தார். தாகம் எடுத்தால் குடிப்பது என்ற ஒரே விதியை நான் கடைப்பிடித்தேன்.

மேசைகளைவிடவும் பெரிய உதவி சாலையோரத்து மக்கள். நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் ஓட்டக்காரரின் பெயரும், இதுவரை எத்தனை முறை முடித்திருக்கிறார் என்ற எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கிறார்கள். எனவே முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பத்து முறை முடித்தவருக்குப் பச்சை எண் நிரந்தரமாக வழங்கப்படுகிறது. அந்த எண் அவருக்கே உரியது. பச்சை எண்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தால் கூட்டத்தின் ஆரவாரமே மாறிவிடுகிறது. பைன்டவுனைத் தாண்டிய ஓரிடத்தில், கூடாரம் போட்டு அமர்ந்திருந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டி என் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்து, “வணக்கம் தம்பி, மெதுவா போ” என்றார். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிலிருந்து தொடங்கும் டர்பன் தமிழர் வரலாற்றை நான் படித்திருக்கிறேன். வீட்டில் ஆங்கிலமே பேசும் நான்காம் ஐந்தாம் தலைமுறையில் எஞ்சிய அந்த இரண்டு மூன்று சொற்களைக் காதால் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பாதித் தொலைவான ட்ரம்மண்டுக்குச் சற்று முன்னால், ‘ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு’ கண்முன் விரியும் இடத்தில், ஆர்தரின் இருக்கை என்ற சிறு குழிவு மண்மேட்டில் இருக்கிறது. 1920-களில் ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் இளைப்பாறிய இடம் என்பார்கள். அங்கே ஒரு பூவை வைத்துக் காலை வணக்கம் சொன்னால் இரண்டாம் பாதி நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. நானும் வைத்தேன். அதன் பின் வந்த இன்ச்சாங்கா மேட்டில் ஓட முடியவில்லை, நடந்தே ஏறினேன். மேட்டைக் கடந்ததும், உடல் ஊனமும் பார்வைக் குறைவும் உள்ள குழந்தைகள் படிக்கும் எத்தெம்பேனி பள்ளியின் மாணவர்கள் சாலையோரம் வரிசையாக இருந்து கை நீட்டுகிறார்கள். அங்கே நின்று ஒவ்வொரு கையையும் தொட்டுப் போனதில் எனக்கு இரண்டு நிமிடம் போயிருக்கும். 12 மணி நேரத்தில் நான் செலவழித்த இரண்டு நல்ல நிமிடங்கள் அவை.

வழியில் பல இடங்களில் நேர வரம்பு உண்டு. குறித்த நேரத்துக்குள் கடக்காதவரை நிறுத்தி, பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். இதற்கு அஞ்சுபவர்கள் ‘பஸ்’ என்று அழைக்கப்படும் குழுக்களில் சேர்ந்துகொள்ளலாம்: அனுபவமுள்ள ஒருவர் கொடியைப் பிடித்து, எங்கே நடக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று குரல் கொடுத்து நூறு பேரை இழுத்துச் செல்வார். கேம்பர்டவுனிலிருந்து அப்படி ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டேன். முடிவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கையில் வரும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் என்னைக் கொண்டு சேர்த்தது அந்தக் குரல்தான்.

பதக்கங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பந்தயத்தின் மனம் அவற்றில் இருக்கிறது. ஆண்களிலும் பெண்களிலும் முதல் பத்துப் பேருக்குத் தங்கம். 9 மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கான பதக்கம், 1921-இல் 8 மணி 59 நிமிடத்தில் வென்ற பில் ரோவன் பெயரைத் தாங்குகிறது. 10 மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கானது ராபர்ட் ம்ட்சாலி பதக்கம். கறுப்பினத்தவருக்கு அனுமதியே இல்லாத 1935-இல் எண் அட்டை இல்லாமல் ஓடி முடித்தவர் அவர். கறுப்பினத்தவரும் பெண்களும் அதிகாரபூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் என்பதால் மறுக்கப்பட்டும் 1923-இலேயே ஃபிரான்செஸ் ஹேவர்ட் ஓடி முடித்துக் காட்டியிருந்தார். 11 மணி நேரத்துக்கும் 12 மணி நேரத்துக்கும் இடையே முடிப்பவருக்குக் கிடைப்பது விக் கிளாபம் பதக்கம். பந்தயத்தை நிறுவியவரின் பெயரை மிக மெதுவாக வருபவர்களின் பதக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். அன்று தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் கெர்டா ஸ்டெய்ன் 5 மணி 49 நிமிடம் 46 விநாடியில் ஏற்ற ஓட்டத்தின் மகளிர் சாதனையைப் புதுப்பித்தார். அவர் வந்து சேர்ந்த நேரத்தில் நான் பாதித் தொலைவிலேயே இருந்தேன்; எனக்கும் அதே ஸ்காட்ஸ்வில் குதிரைப் பந்தய மைதானத்தில் அதே கோடு காத்திருந்தது.

பதக்கத்தைப் பெற்றதும் அறைக்குப் போகாமல் பார்வையாளர் பகுதியில் நின்றுகொண்டேன். மாலை ஐந்துக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. விளக்கொளியில், 12 மணி நேரம் முடியும் 5.30-ஐ நெருங்க நெருங்கக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று விநாடிகளை எண்ணியது. ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார். யார் எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்பதைப் பார்த்து அவர் கை தயங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வெடித்த கணத்தில் கோட்டுக்கு நான்கைந்து அடி தொலைவில் ஒருவர் முழங்காலிட்டுச் சரிந்தார். அவருக்குப் பதக்கம் இல்லை. வென்றவருக்கு எழுந்ததற்குக் குறையாத கைத்தட்டல் அவருக்கு எழுந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் ‘பன்னி சௌ’ என்று, கால் ரொட்டியைக் குடைந்து அதில் குழம்பை நிரப்பித் தருகிறார்கள். பீன்ஸ் போட்டது சைவம், வயிறு நிறைக்கும். காரம் நம் ஊர்க் காரமே என்பதால் பந்தயத்துக்கு முந்திய இரவில் வேண்டாம், மறுநாள் சாப்பிடுங்கள்.

முதல்முறை ஓடுபவர் அடுத்த ஆண்டும் ஓடி முடித்தால், இரண்டு திசைகளையும் அடுத்தடுத்து வென்றதற்குத் தனிப் பதக்கம் ஒன்று உண்டு. 2024-ஐ அடுத்த ஆண்டு இறக்கம். மேட்டைவிட இறக்கம்தான் தொடைத் தசைகளைக் கிழிக்கும் என்று பச்சை எண்காரர்கள் எச்சரித்ததால், ஏலகிரியில் ஏறும்போது நடந்துவிட்டு இறங்கும்போது ஓடத் தொடங்கினேன்.