நிருபர்களுக்கான நீதிமன்ற அவமதிப்புச் சட்டப் பயிற்சி: பாடம் நன்று, கையேடு பழையது

தஞ்சாவூரில் தாலுகா நிருபர்களுக்கும் உள்ளூர் யூடியூப் சேனல் நடத்துவோருக்கும் கட்டணம் பெற்று நடத்தப்படும் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப் பயிற்சிக்குச் சென்று வந்தேன். நீதிமன்றச் செய்தி எழுதுவோர் தாராளமாகப் போகலாம்; அங்கே விற்கும் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

வகுப்பெடுத்த வழக்கறிஞர் காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கிலிருந்தே தொடங்கினார். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விதித்த ஆறு வாரக் கெடுவுக்குள் மத்திய அரசு செயல்திட்டம் வகுக்கவில்லை என்று தமிழ்நாடு தொடுத்தது, உத்தரவை மீறியதற்கான சிவில் அவமதிப்பு வழக்கு. செய்தியாளர்கள் கவனிக்க வேண்டியதோ, 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கூறும் குற்றவியல் அவமதிப்பு; அதாவது நீதிமன்றத்தை இழிவுபடுத்தும் அல்லது நீதி வழங்கலில் குறுக்கிடும் எழுத்தும் பேச்சும் செயலும்.

பயிற்சியின் சிறந்த பகுதி, செய்தித் திருத்தம். ‘மணல் கொள்ளையர் மூவருக்கு ஜாமீன்: நீதிமன்றம் தாராளம்’ என்ற கற்பனைத் தலைப்பில் ‘கொள்ளையர்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘குற்றம் சாட்டப்பட்டோர்’ என்று எழுதிய அவர், ‘தாராளம்’ என்பதையும் அடித்தார். நேர்மையாகவும் பிழையின்றியும் எழுதிய நீதிமன்றச் செய்திக்கு 4ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. விசாரித்து முடித்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட கேள்வியை உத்தரவு போலப் போடும் நம் வழக்கம் இந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்வதாகும் என்று அவர் விளக்கியதற்கே கட்டணம் தகும்.

கையேட்டில், 2006இல் திருத்தப்பட்ட 13ஆம் பிரிவைக் காணோம். பொதுநலனுக்காக, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட உண்மையை எதிர்வாதமாக நீதிமன்றம் ஏற்கலாம் என்பது அந்தத் திருத்தம். பத்திரிகைக்காரருக்கு மிகவும் வேண்டிய அந்த வரியே இல்லாத புத்தகத்தை விலை வைத்து விற்பது முறையன்று.

தண்டனை பற்றிய பகுதியும் அரைகுறைதான். ஆறு மாதம் வரை வெறுங்காவல் (கடும் உழைப்பில்லாத சிறை), 2,000 ரூபாய் வரை அபராதம் என்று கூறி, 2020இல் நீதித்துறையை விமர்சித்து ட்வீட் செய்த வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதையும் சொன்னபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கீழமை நீதிமன்றத்தை அவமதித்ததாக எழும் வழக்கையும் உயர் நீதிமன்றமே விசாரிக்கும் என்பதால், தஞ்சை நிருபர் மதுரைக் கிளைக்கும், திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம் நிருபர் சென்னைக்கும் அலைய நேரும். அபராதத்தைவிட அந்த அலைச்சலுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் அஞ்சித்தான் சிறு பத்திரிகைகள் பல செய்திகளைக் கிடப்பில் போடுகின்றன என்பது என் கருத்து. வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

யூடியூப் நேரலைக்குக் கடைசியில் சில நிமிடங்களே ஒதுக்கினார்கள். வந்திருந்தவர்களில் பலர் செல்போனில் படம்பிடித்து உடனே ஏற்றுபவர்கள் என்பதால், அதற்குத் தனி அமர்வே வைத்திருக்க வேண்டும்.