ஒரு வாளி ஈயமும் அதில் பாதித் துத்தநாகமும்

கலிஃபோர்னியாவில், குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கான ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்க்கும் நண்பருக்காக, பழைய இரும்புக் கடை ஒன்றில் கார்ச் சக்கரங்களின் சமன் எடைகளை (சக்கரம் அதிராமல் சுழல விளிம்பில் பொருத்தும் சிறு உலோகத் துண்டுகளை) ஒரு வாளி வாங்கினேன். விலை நியாயம்தான், ஆனால் 'முழுக்க ஈயம்' என்று விற்ற வாளியில் பாதிக்கு இரும்பும் துத்தநாகமுமே கிடந்தன. அம்மாநிலத்தில் ஈய எடைகளின் விற்பனை 2010 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால் இதில் வியப்பில்லை. சொல்லாமல் விற்றதுதான் வருத்தம். ஈயம் 327 பாகை செல்சியஸிலும் துத்தநாகம் ஏறக்குறைய 420 பாகையிலும் உருகுவதால், சூட்டை அளவோடு வைத்தால் துத்தநாகம் மேலே மிதந்துவிடும். கவனம் பிசகிக் கலந்துவிட்டாலோ உருகிய உலோகம் அச்சில் சீராக நிரம்பாது. பொறுக்கியெடுக்க ஒரு மாலைப் பொழுதே போயிற்று. ஈயம் நஞ்சு என்பதால் கையுறையின்றி இவ்வாளியைத் தொட வேண்டாம். ஐந்துக்கு இரண்டரை.