ஜிபிஓவில் எம்எஸ்ஐ பேக்கேஜா, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டா? 64 கணினிகளுக்கு நான் எடுத்த முடிவு

எங்கள் ஆபீசில் 64 கணினிகள். ஆடிட்டிங் வேலை, இரண்டு மாடி, ஒரே டொமைன் (சர்வரிலிருந்து ஒன்றாக நிர்வகிக்கப்படும் கணினிக் குழு), சிஸ்டம் அட்மின் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன். பென்டிரைவோடு மேஜை மேஜையாகப் போய், “அண்ணா, ரெண்டு நிமிஷம் எழுந்திருங்க” என்று கெஞ்சிய காலம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. அதில் முதல் இரண்டு வருடம் குரூப் பாலிசியிலேயே (சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் விண்டோஸ் வசதி, அதில் ஒரு தொகுப்புதான் ஜிபிஓ) இருக்கும் ‘சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்’ வசதியை வைத்து ஓட்டினேன். அப்புறம் அதே பாலிசியில் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டுக்கு, அதாவது கணினி எழும்போது தானே ஓடும் கட்டளைக் கோப்புக்கு, மாறிவிட்டேன். என் ஓட்டு ஸ்கிரிப்டுக்குத்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது முறை விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. எம்எஸ்ஐ கோப்பை (விண்டோஸின் நிறுவல் கோப்பு வகை) எல்லாக் கணினிகளும் பார்க்கக்கூடிய ஒரு ஷேர் ஃபோல்டரில் போட வேண்டும், ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் அனுமதி தர வேண்டும், பாலிசியில் பேக்கேஜாகச் சேர்க்க வேண்டும். கணினி அடுத்த முறை எழும்போது, லாகின் திரை வருவதற்கு முன்பே மென்பொருள் ஏறிவிடும். யாருக்கும் அட்மின் பாஸ்வேர்டு தர வேண்டியதில்லை, தனிக் காசும் இல்லை. எம்எஸ்ஐ அல்லாத செட்டப் கோப்புகளை இது தொடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் டிரைவர் எங்களிடம் இஎக்ஸ்இயாகத்தான் இருக்கிறது, ஸ்கேனர் மென்பொருளும் அப்படியே. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் ஸ்கிரிப்டுக்கு ஓடுகிறார்கள். நான் மாறியதற்குக் காரணம் வேறு.

நிறுவுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு மாற்றுவதுதான் வருடம் முழுக்க நடக்கும் வேலை. பதிப்பு மாறும், சர்வர் மாறும், ஆள் மாறுவார், கணினி இடம் மாறும். அந்த மாற்றங்களில்தான் பேக்கேஜ் முறை என்னைப் படுத்தியது.

முதல் அடி ஓயுக்களை (டொமைனில் கணினிகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவுகள்) ஒழுங்குபடுத்தியபோது விழுந்தது. டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் எல்லாக் கணினிகளும் ஒரே கும்பலாகக் கிடக்கின்றனவே என்று, அக்கவுண்ட்ஸ் பிரிவின் மூன்று கணினிகளைத் தனி ஓயுவுக்கு இழுத்துப் போட்டேன். பேக்கேஜ் சேர்த்த நாளில், ‘பாலிசியின் எல்லையை விட்டு வெளியேறினால் நீக்கிவிடு’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மறுநாள் காலை அந்த மூன்று கணினிகளும் எழுந்தன, எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்டன, பிடிஎஃப் மென்பொருளைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டன. அன்று 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். அக்கவுண்ட்ஸ் அக்கா என் மேஜைக்கு வந்து எதுவும் பேசவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். விண்டோஸ் மேல் தப்பே இல்லை, நான் சொன்னதைத்தான் அது செய்தது.

இரண்டாவது, பழைய ஃபைல் சர்வரை மாற்றியபோது. ஒரு பேக்கேஜைச் சேர்த்துவிட்டால் அதன் கோப்பு இருக்கும் பாதையைப் பாலிசி எடிட்டரில் திருத்த வழி கிடையாது. புதிய சர்வருக்குப் பழைய பெயரையே வைக்க வேண்டும், இல்லையென்றால் பேக்கேஜை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். என்னிடம் 11 பேக்கேஜ்கள். இரண்டு சனிக்கிழமை அதிலேயே போயிற்று. (நீங்கள் இந்த முறையிலேயே தொடரப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே டிஎஃப்எஸ் பாதையை, அதாவது சர்வர் பெயரைச் சாராத பொதுப் பாதையை, கொடுங்கள். சர்வர் பெயர் எத்தனை முறை மாறினாலும் பாதை மாறாது.) புதிய பதிப்பு வரும்போதும் இதே இழுவைதான். புதுப் பேக்கேஜ் சேர்த்து, அது எந்தப் பழைய பேக்கேஜுக்குப் பதில் என்று அப்கிரேட்ஸ் டேபில் சொல்ல வேண்டும். பழைய கோப்பையும் கொஞ்ச நாள் ஷேரில் விட்டுவைக்க வேண்டும், ரிப்பேர் என்று வந்தால் கணினி அதைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் 1612 என்ற பிழை.

ஸ்கிரிப்டில் இதெல்லாம் இரண்டு வரி. ஒரு வரியில் பாதை, இன்னொன்றில் பதிப்பு எண். கணினி எழும்போது ஸ்கிரிப்ட் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) இப்போதைய பதிப்பைப் பார்க்கிறது. சரியாக இருந்தால் ஒதுங்கிவிடுகிறது, இல்லையென்றால் செட்டப்பை சைலண்ட்டாக ஓட்டுகிறது. முடிந்ததும் கணினியின் பெயர், தேதி, செட்டப் திருப்பித் தந்த முடிவு எண் மூன்றையும் வேறொரு ஷேரில் ஒரே வரியாக எழுதுகிறது. 0 வந்தால் நலம், 3010 வந்தால் ரீஸ்டார்ட் கேட்கிறது, 1603 வந்தால் நிறுவல் தோல்வி, நான் எழுந்து போக வேண்டும், 1618 என்றால் அங்கே ஏற்கெனவே வேறொரு இன்ஸ்டலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. பேக்கேஜ் முறையில் இந்தக் கணக்கே ஒரே இடத்தில் கிடைக்காது, ஒவ்வொரு கணினியின் ஈவென்ட் லாகையும் தோண்ட வேண்டும்.

ஸ்கிரிப்டிலும் சூடு பட்டிருக்கிறேன். முதலில் பதிப்பைத் தெரிந்துகொள்ள டபிள்யூஎம்ஐயின் (கணினியின் விவரங்களைக் கேட்டறியும் விண்டோஸ் வசதி) வின்32_பிராடக்ட் பட்டியலைக் கேட்டேன். அது பட்டியல் தருவதோடு நிற்காமல், நிறுவியிருக்கும் ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்க்கக் கிளம்பிவிடும். ஒரு வாரம் எல்லோரும் “சிஸ்டம் ஸ்லோ” என்றார்கள். ஸ்கிரிப்ட் ஓட இயல்பாக 600 விநாடிதான் நேரம், பெரிய மென்பொருளுக்கு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். செட்டப் வைத்திருக்கும் ஷேரில் எழுதும் அனுமதியை யாருக்கும் தராதீர்கள். இது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள சிஸ்டம் கணக்கில் ஓடுவதால், அந்தக் கோப்பை மாற்றக்கூடியவர் 64 கணினிகளுக்கும் ராஜா. மென்பொருளை நீக்கும் விஷயத்தில் பேக்கேஜ் முறைக்கே மார்க். ஸ்கிரிப்டில் அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி, கணினியை வேகமாக எழ வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. ஊழியர் மாலையில் ஷட்டவுன் கொடுப்பார், காலையில் ஆன் செய்வார், ஆனால் விண்டோஸ் கணக்கில் அது முழுதாக அணைந்து எழுந்ததல்ல. ஸ்டார்ட்அப் வேலை எதுவும் நடக்காது, ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நடக்கும். பாலிசியில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டாயம்’ என்ற அமைப்பை டிசேபிள் செய்தால் போதும் என்று நினைத்தேன். போதாது, அப்போதும் அந்தந்தக் கணினியின் சொந்த அமைப்பே நிற்கும். ரெஜிஸ்ட்ரியில் ஹைபர்பூட்எனேபிள்டு மதிப்பைப் பாலிசி வழியாகவே 0 ஆக்கிய பிறகுதான் காரியம் நடந்தது.

கணினிகளை இன்டர்நெட் வழியே நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனை ஆபீசுக்கே வராத ஐந்து லேப்டாப்களில் மட்டும் ஓட்டுகிறேன், என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். டொமைன் சர்வரைப் பார்க்காத கணினிக்கு மேலே சொன்ன இரண்டுமே உதவாது, அங்கே இதுதான் கதி. இஎக்ஸ்இயை அதற்கான பொட்டலமாகக் கட்டி ஏற்றினால் இன்டர்நெட் வழியே போய்ச் சேருகிறது, யாருக்கு ஏறியது என்ற பட்டியலும் வருகிறது. ஆனால் ஆளுக்கு மாதச் சந்தா. தவிர, இப்போது அனுப்பினால் இப்போதே ஏறும் என்று காத்திருக்கக் கூடாது, டீ குடித்துவிட்டு வரலாம், சில சமயம் சாப்பாடே முடித்துவிட்டு வரலாம். பெரிய நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜரை நான் யோசிக்கவே இல்லை. அதற்கு ஒரு எஸ்க்யூஎல் சர்வர் (டேட்டாபேஸ்) வேண்டும், 64 கணினிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

திங்கள் காலையில் லாக் ஷேரைத் திறந்து வரிகளை எண்ணுகிறேன். 61 இருந்தால் மூன்று பேர் லீவு, அல்லது மூன்று கணினிகளை அணைக்காமலே விட்டுப் போயிருக்கிறார்கள். 7-ஜிப் மட்டும் இன்னும் பழைய பேக்கேஜாகவே இருக்கிறது. ஓடுகிறது, நான் கை வைக்கவில்லை.