யூனி-அசிஸ்ட்: மகளின் ஜெர்மனி விண்ணப்பத்துக்கு நாங்களே உட்கார்ந்த அனுபவம்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் 2024-ல் இ.இ.இ. முடித்தாள். போன வருஷம் மாக்டபுர்க் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தாள். அவளுக்கு விண்ணப்பம் போட இரண்டு வழிகளில் முயன்றோம். முதலாவது உள்ளூர் கன்சல்டன்சி. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இரண்டாவது பெர்லினில் இருக்கும் யூனி-அசிஸ்ட், வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் அமைப்பு. இந்த விமர்சனம் அதற்காகத்தான். ஆனாலும் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமை புரியாது.

கன்சல்டன்சியில் ஏ.சி. அறை, சுவர் முழுக்க விசா வாங்கிய பிள்ளைகளின் போட்டோ. "சார், எங்க சர்வீஸ் முழுக்க ஃப்ரீ. நீங்க ஒரு ரூபா தர வேண்டாம்" என்றார்கள். மகளின் 8.2 சி.ஜி.பி.ஏ.வைப் பார்த்துவிட்டு, "இந்த மார்க்குக்கு கவர்மென்ட் யுனிவர்சிட்டி கஷ்டம் சார்" என்று மூன்று தனியார் கல்லூரிகளின் பெயரைக் கொடுத்தார்கள். மூன்றுமே வருஷத்துக்கு பத்தாயிரம் யூரோவுக்கு மேல். ஒரிஜினல் மார்க் ஷீட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். அவர்கள் எழுதித் தந்த எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் சொல்லும் கடிதத்தை, வீட்டில் வந்து படித்தாள் மகள். இரண்டாவது பத்தியில் "எனக்குச் சிறு வயதிலிருந்தே ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் ஆர்வம்" என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தனியார் கல்லூரிகள் கன்சல்டன்சிக்குக் கமிஷன் தருகின்றன. கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் எதற்குக் கமிஷன் தரப் போகிறது? அதனால்தான் அதன் பெயர் அந்த அறையில் எழவே இல்லை. இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. என்னைப் போன்ற பெற்றோர் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் தேடினோம். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள், கட்டணம், கடைசித் தேதி எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும்தான். ஆனால் எல்லா இடமும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

மார்க் விஷயத்தை நாங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 வரை தேர்ச்சி. நம் மார்க்கை அதற்கு மாற்ற பவேரிய சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மகளின் கல்லூரியில் உச்சம் 10, தேர்ச்சி 5. 1.8-ஐ 5-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.08. நாங்கள் பார்த்த படிப்புகள் 2.5 வரை ஏற்றுக்கொண்டன. "கஷ்டம்" என்று சொன்னவர்கள் இந்த நாலு வரிக் கணக்கைக்கூடப் போடவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

யூனி-அசிஸ்ட் 2003-ல் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். லாப நோக்கம் இல்லை. சுமார் 170 பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். சீட் கொடுப்பது அவர்கள் அல்ல, பல்கலைக்கழகம்தான். எல்லாப் பல்கலைக்கழகமும் இதில் இல்லை. ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தைப் போலச் சில இடங்கள் நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன.

கட்டணம் ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. நாங்கள் மூன்று போட்டோம், 135 யூரோ. அன்றைய மதிப்பில் பதின்மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம். தளம் நிதானமாக இருக்கிறது, எதையும் விற்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்கிறது. ஏற்றிய ஆவணங்கள் அடுத்த விண்ணப்பத்துக்கும் உதவுகின்றன. மகள் படித்த பாடங்களின் சிலபஸ் முழுவதும் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைத் தம்பி ஒரு சாயங்காலம் முழுக்க எங்களுக்காகவே உட்கார்ந்தார்.

குறையும் சொல்ல வேண்டும். சரிபார்க்க நாலு முதல் ஆறு வாரம் எடுக்கிறார்கள். கட்டிய பணம் திரும்பாது. பணம் போய்ச் சேராமல் ஃபைலைத் தொட மாட்டார்கள். ஜூலை 15 கடைசித் தேதி என்றால் அன்றைக்கு அனுப்பலாம் என்று இருக்காதீர்கள். எட்டு வாரம் முன்னாலேயே அனுப்பச் சொல்லி அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மே மாதத் தொடக்கத்தில் முடித்தோம். எல்லாம் ஆங்கிலம் அல்லது ஜெர்மன். எனக்குப் பல இடங்களில் மகள்தான் படித்துச் சொன்னாள்.

இதற்கெல்லாம் முன்னால் ஏபிஎஸ், அதாவது நம் மார்க் ஷீட், பட்டம் எல்லாம் உண்மைதான் என்று டெல்லியில் இருக்கும் ஜெர்மன் அமைப்பு சரிபார்த்துத் தரும் சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இந்தியாவிலிருந்து படிக்கப் போகிறவர்களின் விசாவுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். டெல்லிக்குக் கூரியர் அனுப்பிவிட்டுப் பல வாரம் காத்திருக்க வேண்டும். விசா சமயத்தில் பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கி வைத்த வங்கிக் கணக்கு) 11,904 யூரோ, அதாவது மாதம் 992 என்று பன்னிரண்டு மாதத்துக்குக் காட்ட வேண்டும். படிப்புக் கட்டணம் இல்லை என்று சந்தோஷப்படும்போதே இதற்கு வழி யோசித்துவிடுங்கள். நான் ஒரு மெஷினை விற்றேன். அதில் வருத்தமில்லை.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். மகளின் மார்க் ஷீட்டில் பெயரும் ஓர் எழுத்தும். பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இடத்தில். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினோம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதையும் சேர்த்து ஏற்றினோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏபிஎஸ்ஸுக்கு அனுப்பும் முன்பே இதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பல்கலைக்கழகங்களில் இரண்டு, சீட் இல்லை என்று சொல்லிவிட்டன. மாக்டபுர்க் கடிதம் வந்தபோது நான் பட்டறையில் ஜாப் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஓடி வந்து, "அப்பா, மோட்டாரை நிறுத்துங்க" என்றாள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது திரும்பி வராத கட்டணத்துக்காக. கணபதி, சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் பெற்றோர் யாராவது இந்த சிலபஸ் ஸ்கேன், பெயர் விவகாரத்தில் திணறினால் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, உட்கார்ந்து பார்க்கலாம்.