மாட்டு சீரம்: ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா?

என்சைம் அளவு பார்க்க நகரத்து லேபுக்கு சீரம் (ரத்தம் கட்டியானதும் பிரியும் தெளிந்த நீர்) அனுப்பும் சின்ன கால்நடை கிளினிக்குகளுக்கு இரண்டு வழி. 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் அனுப்பலாம். இல்லையென்றால் மைனஸ் 20 ஃப்ரீசரில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பலாம். நாங்கள் ஃப்ரிட்ஜ் பக்கம் வந்துவிட்டோம்.

எந்த வழியானாலும் ரத்தம் உறைந்து கட்டியானதும் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். கட்டியோடு விட்டால் சிவப்பணு உடைந்து எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற என்சைம்கள் இரண்டும் பொய்யாக ஏறும். இது தெரிந்த சங்கதிதான்.

ஃப்ரீசரால் கூரியர் செலவு மிச்சம், அதை மறுக்கவில்லை. மாட்டில் ஈரல் புழு, பித்தநாளக் கோளாறுக்குப் பார்க்கும் ஜிஜிடி உறைய வைத்தாலும் நன்றாகத் தாங்கும். ஆனால் நாயின் கல்லீரலுக்குப் பார்க்கும் ஏஎல்டி மைனஸ் 20-ல் மெல்ல மெல்லக் குறையும். ஃப்ரிட்ஜில் சில நாள் வைத்த சீரமே அதைவிட மேல். எல்டிஹெச் இன்னும் வினோதம்: அதன் சில வகைகளுக்குக் குளிரே ஆகாது, அறை வெப்பத்தில் வைத்து சீக்கிரம் பார்ப்பதுதான் நல்லது.

எங்கள் முடிவுக்குக் காரணம் வேறு. உறைவதும் உருகுவதுமாக இருந்தால் என்சைம் கெடும். கரண்ட் போனால் முதலில் உருகுவது அரை மில்லி சீரம் உள்ள குட்டிக் குழாய்தான். கரண்ட் போகாவிட்டாலும், வீட்டு உபயோக ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர் பனியைக் கரைக்கத் தன்னைத்தானே அவ்வப்போது சூடேற்றிக்கொள்ளும். உருகி மறுபடி உறைந்த குழாயைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் வரும் ரிப்போர்ட்டில் எண் குறைந்திருக்கும். நோயுள்ள மிருகம் நன்றாக இருப்பதாகத் தெரியும். கூடுதலாகக் காட்டினால் சந்தேகப்பட்டு இன்னொரு தரம் பார்ப்போம், குறைத்துக் காட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஃப்ரிட்ஜில் இந்தத் தொல்லை இல்லை. கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டரோடு வைத்தால் போதும்.

எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டுக்குக் கேட்கும் சிகே என்ற தசை என்சைமை மட்டும் ஃப்ரிட்ஜை நம்பியும் தள்ளிப்போடுவதில்லை. வெளிச்சம் படாமல் சுற்றி அன்றைக்கே அனுப்பிவிடுகிறோம். குதிரை எங்களிடம் வருவது அபூர்வம், அதனால் அதில் அனுபவம் குறைவு. அதன் கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்டிஹெச் அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும் என்பதால், லேபிடம் கேட்டுவிட்டு ரத்தம் எடுப்பது நல்லது.

மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்கும் கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மைனஸ் 20-தான் கதி என்றால் சீரத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை மட்டும் உருக்குங்கள். உருகியதும் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்க வேண்டும். புரதம் அடியில் தங்கியிருக்கும்.