ஜனவரியில் வந்த குட்டி நாய்: வெளியே தூக்கிப் போவதா, வசந்தம் வரை காத்திருப்பதா?

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் பொரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மால்டீஸ் இனம், ஒன்பது வார வயது, எடை 1.2 கிலோ. வெள்ளை வெளேரென்று, ஊதினால் பறந்துவிடுவாள் போல இருந்ததால் அந்தப் பெயர். டொராண்டோவில் ஸ்காபரோ பக்கம் ஒன்பதாவது மாடி வீடு. அன்று வெளியே மைனஸ் 11. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 20.

யோசனை சொன்னவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "இந்தக் குளிரில் இத்தனை சின்ன உயிரை வெளியே கொண்டுபோவியா? ஏப்ரல் வரை வீட்டிலேயே வை" என்பது ஒரு கட்சி. "முதல் நாளே பனியில் இறக்கு, பழகிக்கொள்ளும்" என்பது இன்னொன்று. ஒரு குளிர்காலத்தை ஓட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது: இரண்டு கட்சியும் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. ஒன்று, சிறுநீர், மலம் கழிக்கும் பழக்கம். மற்றது, மனிதர், சத்தம், வண்டி, மற்ற நாய்கள் என்று உலகத்தோடு பழகுவது. முன்னது ஏப்ரல் வரை பொறுக்கும். பின்னது பொறுக்காது.

காத்திருப்பதா, இப்போதேவா

நாய்க்குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட முடிவுகளின்படி அது சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. இன்று பதினான்கு வாரம் வரை நீட்டிச் சொல்பவர்களும் உண்டு. பொரிக்குப் பதினான்கு வாரம் நிறைவது பிப்ரவரி நடுவில், அதாவது குளிர் உச்சத்தில். வசந்தம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கதவு மூடிய பிறகுதான் வாசலுக்குப் போயிருப்போம்.

எதிர்க்கேள்வி தடுப்பூசி. கடைசி ஊசி பதினாறு வாரம் வாக்கில்தான் முடியும். அதுவரை பார்வோ என்ற, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் குடல் நோய்ப் பயம் இருக்கிறது. பனி கிருமியைக் கொன்றுவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இல்லை, பார்வோ உறைபனியையும் தாங்கிக் கிடக்கும் கிருமி. ஆனாலும் எல்லா ஊசியும் முடியும் வரை பூட்டி வைக்காதீர்கள் என்றுதான் விலங்கு நடத்தை பார்க்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. முதல் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஏழு நாள் ஆனால் குட்டிகள் பயிற்சி வகுப்புக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் மருத்துவர் இதையே சுருக்கமாகச் சொன்னார்: "உலகத்தைக் காட்டுங்கள், தரையில் விடாதீர்கள்."

பேடா, பால்கனியா, வெளியேவா

பேட், அதாவது குட்டி சிறுநீர் கழிக்க வீட்டுக்குள்ளேயே போடும் உறிஞ்சு விரிப்பு, சுலபம். நடுராத்திரி மூன்று மணிக்கு பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. இரண்டு மாதக் குட்டியால் அடக்கிவைக்க முடிவது அதிகம் போனால் இரண்டு மூன்று மணி நேரம். நாம் உடுத்தி முடிப்பதற்குள் அது லிஃப்ட்டிலேயே முடித்துவிடும். குறை என்னவென்றால், காலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் கழிப்பறை என்று குட்டி பாடம் படித்துவிடும். எங்கள் குளியலறை மிதியடி அப்படித்தான் போனது. அப்புறம் இருந்த விரிப்புகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டோம்.

பால்கனியில் புல்தட்டு வைக்கும் யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஜனவரியில் அது ஒரு பனிக்கட்டிப் பலகை. கம்பி இடைவெளியில் இந்த அளவுக் குட்டி நுழைந்துவிடும் என்ற பயம் வேறு. ஒரு வாரத்தில் கைவிட்டேன்.

வெளியே பழக்குவதற்குக் குளிரே ஒரு உதவி செய்கிறது; இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோடையில் காரியம் முடிந்ததும் வீட்டுக்கு இழுத்துப் போனால், முடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று நாய் வேண்டுமென்றே இழுத்தடிக்கும். குளிரில் வீடு திரும்புவதே பரிசு. பொரிக்கு இது மூன்றாவது வாரத்திலேயே புரிந்துவிட்டது. இறக்கிவிட்டால் நாற்பது வினாடி, உடனே என் காலைப் பிராண்டுவாள். ஆனால் இடம் முக்கியம். வயிறு தொடும் பனியில் எந்தக் குட்டியும் உட்காராது. கட்டடத்துக்குப் பின்னால் மற்ற நாய்கள் வராத ஒரு மூலையில், மண் தெரியும் வரை ஒரு சதுரம் சுரண்டி வைத்தேன். ஊசி முடியாத குட்டிக்கு இதுவும் கொஞ்சம் துணிச்சல்தான். மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்தேன்.

கடைசியில் நான் செய்தது கலப்படம்: இரவிலும் மைனஸ் 15-க்குக் கீழே போன நாட்களிலும் பேட், எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே. பேடை வாரம் ஓரடி வாசல் பக்கம் நகர்த்தினேன். மார்ச் கடைசியில் வாசலிலேயே நின்று கேட்க ஆரம்பித்தாள். முதல் நாளே வெளியே பழக்கிய நண்பர் ஒருவர் ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிட்டார். அவருக்குத் தரைத்தள வீடு.

சப்பாத்தா, மெழுகா

இங்கே நடைபாதையெல்லாம் உப்பு. பாதத்தில் எரிச்சல் தரும்; நாய் நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். துணி பூட்ஸ் சூடு தரும், ஆனால் இந்த அளவுப் பாதத்தில் நிற்காது. பலூன் போன்ற ரப்பர் உறை நிற்கும், சூடு தராது. மாட்டிவிட்டால் பொரி பரதம் ஆடுவது போல ஒவ்வொரு காலாகத் தூக்கினாள். லிஃப்ட்டில் அதைப் பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா, "தம்பி, உந்தக் குட்டிக்கும் சப்பாத்தோ?" என்று சிரித்த சிரிப்பு மூன்று மாடி கேட்டிருக்கும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்காகக் கனடாவில் செய்யப்பட்ட பாத மெழுகு ஒன்று கிடைக்கிறது. அதைப் பூசிப் போய், வந்ததும் வெந்நீரில் காலைக் கழுவித் துடைப்பதே எங்களுக்குச் சரிவந்தது.

கோட் விஷயத்தில் விவாதமே இல்லை. பொமரேனியனுக்குக் குளிர் தாங்கும் அடிமயிர் உண்டு. மால்டீஸுக்கும் யார்க்கிக்கும் (யார்க்‌ஷயர் டெரியர்) இல்லை, அதனால் கோட் வேண்டும். கழுத்துப்பட்டையை விட மார்புப் பட்டை நல்லது, சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் மென்மையானது. நகர விதிப்படி கயிறு 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. வழுக்கும் தரையில் நமக்கும் அதுவே நல்லது. ஒன்று மட்டும் கவனம்: இத்தனை சின்னக் குட்டிகளுக்குச் சாப்பாடு தவறினால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், நடுக்கம் அதை இன்னும் வேகமாக்கும். வெறும் வயிற்றோடு வெளியே கொண்டுபோகவே கூடாது.

வகுப்பு, டேகேர், நாய்ப் பூங்கா, மார்புப் பை

பணம் அதிகம் போனது இங்கேதான், தவறும் இங்கேதான்.

முதலில் டேகேர். பகல் முழுக்க மற்ற நாய்களோடு இருந்தால் தானாகப் பழகும் என்று நினைத்தேன். பெயர் வேண்டாம், சின்ன நாய்களுக்குத் தனி அறை என்று சொன்ன இடம், ஆள் பற்றாக்குறை என்று இரண்டாம் நாளே எல்லாரையும் ஒன்றாக விட்டுவிட்டது. அன்று மாலை சோபாவுக்கு அடியில் போனவள் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள். பத்து நாள் பெரிய நாயைக் கண்டாலே உடம்பு விறைத்தது. நாய்களோடு கிடப்பது வேறு, நாய்களோடு பழகுவது வேறு.

கயிறில்லாமல் விடும் பூங்காவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஹஸ்கி போன்ற பெரிய பனிநாய்களுக்குப் பனிதான் திருவிழா. ஒன்றரைக் கிலோவை உருட்டிவிட்டுப் போய்விடும். இருட்டு ஐந்து மணி வாக்கிலேயே விழும் டிசம்பர், ஜனவரியில் கயோட்டி (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) பயமும் உண்டு. 2024-25 குளிர்காலத்தில் லிபர்ட்டி வில்லேஜ் பக்கம் அவை நாய்களைத் தாக்கியது நகரம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

வகுப்பு நல்லது, விலையும் அப்படியே. ஆறு வாரத்துக்கு எனக்கு 200 டாலருக்கு மேல் ஆனது. கதகதப்பான அறை, கிருமிநாசினி போட்டுத் துடைத்த தரை, ஒரே வயதுக் குட்டிகள், பயந்தால் ஒதுங்க ஒரு தடுப்பு. பெரிய நாய்ப் பயம் அங்கேதான் கரைந்தது. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம்தான்.

மீதி நேரத்துக்கு மார்புப் பை. முப்பது டாலர். ஜாக்கெட்டுக்குள் பொரி, ஜிப்புக்கு மேலே இரண்டு கண். நெரிசல் இல்லாத நேரத்தில் பேருந்து, செல்லப்பிராணிக் கடை, கேட்டுவிட்டு ஹார்டுவேர் கடை. தமிழ் மளிகைக் கடைக்குள் விடமாட்டார்கள், வாசலில் நின்றோம். பார்கா என்ற தடித்த குளிர் கோட்டுக்குக் கீழே பட்டுப்புடவை தெரிய வந்தவர்கள், முகத்தைக் கம்பளியால் மூடியவர்கள், தள்ளுவண்டி, பனி அள்ளும் லாரியின் பின்னோக்கும் பீப் சத்தம். ஒவ்வொன்றுக்கும் பட்டாணி அளவில் கோழித் துண்டு. இருபது நிமிடம், வீடு. ஒன்பது மாடி லிஃப்ட் தனிப் பள்ளிக்கூடம். "உட்கார்" என்பதை அங்கேதான் கற்றாள். பொங்கலன்று வந்த எட்டு பேரும் ஆளுக்கொரு துண்டு ஊட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்தேன். உலர்திராட்சை நாய்க்கு விஷம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பையைத்தான் சொல்வேன். பணம் இருந்தால் பையும் வகுப்பும்.

பைக்கும் ஒரு குறை உண்டு. அது குளிர்காலத்து உலகத்தைத்தான் காட்டும். பார்காவையும் பனிமண்வெட்டியையும் சட்டை செய்யாத பொரி, மே மாதம் அரைக்கால் சட்டையில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துக் கத்திய கத்தலில் அவனே இறங்கிவிட்டான். சைக்கிள், பந்து, புல்வெட்டும் இயந்திரம் எதையும் அவள் பார்த்ததில்லை. பிப்ரவரியிலேயே கைபேசியில் அந்தச் சத்தங்களை மெதுவாகப் போட்டு, கட்டடத்து நடைக்கூடத்தில் ஒரு ஸ்கூட்டரை உருட்டியிருக்கலாம். இப்போது தினம் மாலை அந்தப் பையன் கையில் கோழித் துண்டு கொடுத்து அனுப்புகிறேன். பத்தடி தூரத்திலிருந்து ஆறடிக்கு வந்திருக்கிறோம்.